இரண்டு நாள் படிப்பும் எண்ணூர் மருந்துக்கடையும்

ஐந்து ஆண்டில் இரண்டு நாள். இந்தியாவில் பதிவுபெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் தன் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளக் கட்டாயம் படிக்கவேண்டிய காலம் இவ்வளவுதான். பார்மசி சட்டம் வந்தது 1948இல். அதற்கு 67 ஆண்டு கழித்து, 2015இல் இந்தியப் பார்மசி கவுன்சில் கொண்டுவந்த பணி விதிமுறைகள், ஐந்து ஆண்டுக்குள் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஒரு நாளாவது நடக்கவேண்டும் என்கின்றன. மருத்துவர்களுக்கு இதே ஐந்து ஆண்டில் 30 மணி நேரம் என்று 2002லேயே சொல்லியாகிவிட்டது.

இந்த விதி வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, வேண்டும். கற்கவேண்டியதை இது கற்பிக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் வரை நீளும் மருந்துக்கடைகளை வைத்தே எடைபோட விரும்புகிறேன். துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிப் புகை, மணலி சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் சூழ்ந்த இடம் இது. பார்மசிஸ்டின் அறிவு ஐந்து வருடம் பழையதாக இருந்தால் அதற்கு விலை கொடுப்பது இங்கே நுரையீரல்.

முதலில் அந்த ஐந்து ஆண்டில் அலமாரியில் என்ன மாறியது என்று பார்ப்போம். 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2024 ஆகஸ்டில் 156 கூட்டு மருந்துகள் ஒரேயடியாகத் தடையாயின. 2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தின் ஒரு தொகுதியில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் பரிசோதனை காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள்.

நச்சு கலந்தது ஆலையின் குற்றம். கடையில் நிற்கும் எந்தப் பார்மசிஸ்டும் பாட்டிலைப் பார்த்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் கோல்ட்ரிஃபில் இருந்ததும் பாராசிட்டமாலோடு அதே குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் கூட்டுதான். நான்கு வயதுக்குக் கீழே இது கூடாது என்ற எச்சரிக்கை வந்து இருபது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சீட்டில் குழந்தையின் வயதைப் பார்த்து, எழுதிய டாக்டருக்கு ஒரு போன் போட அந்த எச்சரிக்கை போதும். அது எத்தனை கடைகளின் மேசைவரை வந்து சேர்ந்திருக்கும்? ஐந்து ஆண்டில் இரண்டு முறை கூடும் வகுப்பை நம்பியிருந்தால், அடுத்த வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது எண்ணூர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இப்படி ஒரு இரவுக்குப் பிறகு, மருத்துவமனைக்குப் போகாதவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் மருந்துக்கடைதான். கண் எரிகிறது என்றால் சொட்டு மருந்தைத் தேடுவதற்கு முன்பு குறைந்தது கால்மணி நேரம் தண்ணீரில் கழுவச் சொல்லவேண்டும். இருமல் என்று வருகிறவருக்கு இருமலை அடக்கும் டானிக்கைக் கொடுத்து அனுப்பினால், மூச்சுக்குழாய் சுருங்கிக்கொண்டிருப்பதை மூடி மறைத்ததாகிவிடும். ஆஸ்துமாக்காரர் என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். எண்ணூரில் கடை வைத்திருப்பவருக்கு இது ஏட்டறிவு இல்லை, தினசரித் தொழில் அறிவு. ஆனால் இந்தப் பகுதியின் நோய்களை வகுப்பு பேசவேண்டும் என்று விதி எங்கும் கேட்கவில்லை. நாள் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதும்.

இன்னும் அன்றாடமான ஒன்றைச் சொல்கிறேன். “அண்ணா, வீசிங் மாத்திரை ஒரு அட்டை குடு” என்று கேட்டு வருபவருக்கு டெரிபிலின் போகிறது. அதில் இருப்பது தியோபிலின் வகை. இரண்டு நாள் கழித்து அதே ஆள் காய்ச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கேட்கிறார். தியோபிலினைக் கல்லீரல் சிதைப்பதை சிப்ரோ தடுக்கும். இரத்தத்தில் அளவு ஏறும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மோசமானால் வலிப்புகூட வரும். இரண்டுமே டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாதவை. போதாததற்கு, சிப்ரோ வகை மருந்துகள் காசநோயைத் தற்காலிகமாகத் தணித்து, அதைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். காசநோயாளியைப் பற்றி மருந்துக்கடைகளும் தகவல் தரவேண்டும் என்று 2018இல் அரசாணை வந்தது. காசநோய் மருந்துகளும் பல ஆன்டிபயாடிக்குகளும் மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி 2014 மார்ச்சிலிருந்து தனிப் பதிவேட்டில் ஏறவேண்டும். விதிகளுக்குக் குறைவில்லை. மருந்தை எடுத்துக் கொடுக்கும் கை ஒரு நொடி தயங்கவேண்டுமே, அந்தத் தயக்கத்தை யார் சொல்லிக்கொடுப்பது?

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் மருந்தியல் சிறப்புப் பிரிவுகளுக்கென்று 1976இலிருந்து ஒரு வாரியம் இயங்குகிறது. அதன் சான்றிதழை ஏழு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். ஏறத்தாழ நூறு மணி நேரப் படிப்பைக் காட்டவேண்டும், இல்லையென்றால் மறுபடி தேர்வு எழுதவேண்டும். புற்றுநோய், தீவிர சிகிச்சை என்று பெரிய மருத்துவமனைக்குள் டாக்டரோடு வார்டு சுற்றுகிறவருக்கு அது தகும். 2008இல் இங்கே தொடங்கிய ஆறாண்டு பார்ம்.டி. படிப்பிலிருந்து வருபவர்களுக்கு அப்படியொரு ஏணி நாளை தேவைப்படலாம். அதைத் திருவொற்றியூர் கடைக்கு அளவுகோலாக வைத்தால், கட்டணமும் மணிக்கணக்கும் ஏறும். கவுண்டர் அப்படியே இருக்கும்.

பிரிட்டன் 2018இல் வேறு வழியில் போனது. அங்கே மணிக்கணக்கு இல்லை. ஆண்டுக்கு ஆறு பதிவுகள்: கற்றது பற்றி நான்கு, சக தொழிலாளியோடு பேசியது பற்றி ஒன்று, தன் வேலையைத் தானே அலசியது ஒன்று. கற்றதால் தன்னிடம் வருகிறவருக்கு என்ன மாறியது என்று எழுதவேண்டும். என் பார்வையில் இது மேலானது. வெறுமனே எழுதி நிரப்பிவிட மாட்டார்களா என்பது நியாயமான கேள்வி. நிரப்பலாம்தான். ஆனால் டெரிபிலின் கேட்டு வந்தவரிடம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதை எழுத வேண்டுமென்றால், ஒரு நாளாவது கேட்டுப் பார்க்கவேண்டியிருக்கும். வகுப்பில் உட்கார்ந்து எழுந்ததற்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

மருத்துவப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கூட்டங்கள் பற்றிய 81 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு 2009இல் வந்தது. நடைமுறையில் அவை கொண்டுவந்த முன்னேற்றம் சுமார் 6 விழுக்காடு. கலந்துரையாடலும் சேர்ந்த கூட்டங்கள் மேலும் பயன்பட்டன. சிக்கலான பழக்கங்களை மாற்றுவதில் கூட்டங்கள் பலவீனம். ஆறு விழுக்காடு ஒன்றுமில்லாதது அல்ல, அதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஒருநாள் வகுப்பின் நிலை இதில் தெளிவாகிறது. தடை, எச்சரிக்கை போன்ற செய்திகளுக்கு அது மிகத் தாமதம். கவுண்டர் பழக்கத்தை மாற்ற அது மிக மேலோட்டம்.

பார்மசிஸ்டுகளின் பக்கமும் கேட்கவேண்டும். காலை திறந்து இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும் ஒருவர் ஒரு நாள் வகுப்புக்குப் போனால், அன்று சட்டப்படி சீட்டு மருந்து கொடுக்க ஆள் இல்லை. சம்பளத்துக்கு இருப்பவருக்கு அன்றைய கூலி போகலாம். இது உண்மையான சுமை. இதைவிடக் கனமான உண்மை ஒன்றும் உண்டு. சுவரில் ஒருவரின் சான்றிதழ் தொங்க, மருந்து எடுத்துத் தருபவர் வேறொருவராக இருக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. பதிவுபெற்றவரின் நேரடி மேற்பார்வை வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளே சொல்கின்றன. கடைக்கே வராதவர் இரண்டு நாளல்ல, இருபது நாள் படித்தாலும் எர்ணாவூர்க்காரருக்கு அதனால் எதுவும் இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. கட்டாயத் தொடர்கல்வி இருக்கட்டும். அதன் இன்றைய வடிவம் தேறவில்லை. எச்சரிக்கைகளை வகுப்பிலிருந்து பிரித்து, வெளியான அன்றே ஒவ்வொரு பார்மசிஸ்டின் போனுக்கும் தமிழில் அனுப்பவேண்டும்; படித்ததற்கு ஒப்புதல் வாங்கவேண்டும். இரண்டு நாளில் ஒரு நாளையாவது பேச்சு மேடையிலிருந்து எடுத்து, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் அரைநாள் வீதம் கழிக்க விடவேண்டும். இன்ஹேலரை எத்தனை பேர் தப்பாக இழுக்கிறார்கள், காசநோய்க்கு ரிபாம்பிசின் சாப்பிட்டுச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைக் கண்டு பயந்து எத்தனை பேர் நிறுத்திவிட்டார்கள் என்பது அங்கேதான் தெரியும். மீதி நாளுக்குப் பதிலாக ஆண்டுக்கு நான்கு கவுண்டர் குறிப்புகள். அவற்றைத் தணிக்கை செய்வதும், எழுதியவர் உண்மையில் அந்தக் கடையில் நிற்கிறாரா என்று பார்ப்பதும் ஒரே வருகையில் நடக்கலாம். வகுப்பு நாளின் கூலியை உரிமையாளர் தரவேண்டும் என்பதை உரிமம் புதுப்பிக்கும்போதே நிபந்தனையாகச் சேர்க்கலாம். கடையின் உரிமத்துக்கு உயிர் கொடுப்பதே அந்தப் பார்மசிஸ்டின் பதிவுதான்.