பெயர் தெரிந்த பறவை, கை பட்ட மரம்

பிரிட்டனில் 7 வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து வெளியாகும் ஆக்ஸ்ஃபோர்டு சிறுவர் அகராதியின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் மீன்கொத்தி இல்லை. நாரை, வானம்பாடி, நீர்நாய், பெரணி ஆகியவையும் இல்லை. பிளாகும் பிராட்பேண்டும் புதிதாகச் சேர்ந்திருந்தன. பிள்ளைகள் புழங்கும் சொற்களைத்தான் அகராதி காட்டும் என்றது பதிப்பகம். 2015இல் மார்கரெட் அட்வுட் உள்ளிட்ட 28 எழுத்தாளர்கள் கூட்டாகக் கண்டனக் கடிதம் எழுதினார்கள்.

பிள்ளைகளின் நினைவாற்றலில் குறையேதும் இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் படஅட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். 8 வயதுக்காரர்கள் தம் நாட்டு உயிரினங்களைவிடப் போக்கிமான் பாத்திரங்களையே கூடுதலாக அடையாளம் சொன்னார்கள். 2002இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு இது. நூற்றுக்கணக்கான கற்பனைப் பிராணிகளைப் பிரித்தறியும் கண்ணுக்கு வேலியோரச் செடி படாமல் போவது ஏன்? அதை அந்தக் கண்முன் யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை என்பதே பெரும்பாலும் பதில். கவிதையையும் ஓவியத்தையும் கொண்டு அதைச் செய்ய முயன்றவர்கள் பலர். அவர்கள் போன வழிகள் வேறு வேறு.

அகராதி விவகாரத்தின் தொடர்ச்சியாக 2017இல் வந்தது 'தி லாஸ்ட் வேர்ட்ஸ்'. எழுத்து ராபர்ட் மெக்ஃபார்லன், ஓவியம் ஜாக்கி மோரிஸ். 20 பெயர்களுக்கு 20 பாடல்கள். ஒவ்வொரு பாடலின் முதலெழுத்துகளையும் மேலிருந்து கீழாகக் கூட்டினால் அந்த உயிரின் பெயர் வரும். சத்தமாக வாசிப்பதற்கென்றே எழுதியதால் இவற்றை மந்திரங்கள் என்றார் மெக்ஃபார்லன். ஓவியங்கள் மூன்று படியாக வருகின்றன: முதலில் உயிர் இல்லாத வெற்றிடமும் சிதறிய எழுத்துகளும், அடுத்து பாடலும் தங்கப் பின்னணியில் அந்த உயிரும், கடைசியில் அது தன் வாழிடத்துக்குத் திரும்பிவிட்ட பெரிய காட்சி. ஸ்காட்லாந்தில் பள்ளிதோறும் ஒரு பிரதி சேர்ப்பதற்குப் பொதுமக்களே நன்கொடை திரட்டினார்கள். ஆனாலும் இது பெரியவர்கள் ஆக்கிக் கொடுத்த நூல். பிள்ளைகள் தம் பக்கத்து உயிர்களுக்குத் தாமே மந்திரம் எழுத உட்கார்ந்த வகுப்பறைகளில்தான் அதன் வேலை முழுமை பெறுகிறது.

சாந்திநிகேதன் இந்த வேலையைப் பள்ளியின் அன்றாடமாகவே ஆக்கியது. 1901இல் தாகூர் தொடங்கிய பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. பருவம் மாறினால் பாட்டும் மாறும். 1908இல் மாணவர்கள் நடிப்பதற்காகவே கூதிர்காலத்தைப் பற்றி 'சாரதோத்சவ்' நாடகத்தை எழுதினார். 1928இல் மரம் நடுதலைத் திருவிழாவாக்கினார். மரக்கன்றைப் பல்லக்கில் ஏற்றிப் பாட்டும் ஆட்டமுமாகக் கொண்டுவந்து நடுவார்கள். தாகூரின் நினைவுநாளில் அந்த விழா இன்றும் நடக்கிறது. வங்காளப் பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்காக அவர் எழுதி 1930இல் வெளியான 'சகஜ் பாத்' நூலுக்கு நந்தலால் போஸ் லினோகட் படங்கள் செய்தார். வங்கத்துக் கிராமம் அதில் கருப்பு வெள்ளையில் விரிகிறது. எழுத்தும் ஊரும் ஒரே பக்கத்தில் அறிமுகமாகின்றன.

சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட மரங்களின் நூல் வேறொரு வகை. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த படங்களைக் கருப்புக் காகிதத்தில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தார்கள். பகலெல்லாம் நிழலும் உணவும் மருந்தும் தந்து உழைக்கும் மரங்கள் இரவில்தான் தம் உண்மையான உருவைக் காட்டும் என்பது கோண்டு நம்பிக்கை. தாவரவியல் பாடத்துக்குள் வராத இந்த அறிவு ஓவியத்தின் வழியாகப் பிள்ளைகளை எட்டுகிறது.

மரத்தடி வகுப்புக்கும் பல்லக்குக்கும் இடமில்லாத நகரப் பள்ளி என்ன செய்யும்? 1995இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'ரிவர் ஆஃப் வேர்ட்ஸ்' இந்தக் கேள்விக்கான பதிலுக்குப் பக்கத்தில் வருகிறது. அப்போது அமெரிக்காவின் அரசவைக் கவிஞராக இருந்த ராபர்ட் ஹாஸும் எழுத்தாளர் பமேலா மைக்கேலும் தொடங்கிய இந்தத் திட்டம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கவிதை, ஓவியப் போட்டி நடத்தியது. தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: அவரவர் நீர்ப்பிடிப்புப் பகுதி. காட்டைத் தேடிப் பேருந்தில் போக வேண்டியதில்லை. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எந்த மலையில் பெய்த மழை, தெருச்சாக்கடை எந்த ஆற்றில் கலக்கிறது, அதன் கரையில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று துருவுவதே முதல் வேலை. விசாரித்து, நடந்து பார்த்து, குறிப்பெடுத்த பிறகுதான் கவிதை. ஆசிரியர்களுக்கும் தனிப் பயிற்சி இருந்தது. போட்டியென்றால் பரிசு சிலருக்கே கிடைக்கும்; அது இதன் குறைதான். ஆனால் கான்கிரீட் வளாகத்துப் பள்ளிகூட ஏதோ ஓர் ஆற்றின் பரப்பில்தான் நிற்கிறது. ஆகவே அடுத்த வாரமே தொடங்குவதற்கு அந்தப் பள்ளியின் ஆசிரியருக்கு ஒரு வரைபடமும் ஒரு பகல் நேர அனுமதியும் போதும்.