பருத்த பிள்ளைக்கு யார் பொறுப்பு?

1982 ஜூலை 1ஆம் நாள், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிள்ளை மெலிந்திருந்தால் அது தாயின் குற்றமன்று. வீட்டில் உணவில்லை, ஆகவே அரசு சோறு போடவேண்டும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

இன்று அதே திருச்சியில் வேறொரு பிள்ளையையும் காண்கிறோம். உயரத்துக்கு மிஞ்சிய எடை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இவனைக் கண்டதும் நாம் என்ன சொல்கிறோம்? "கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்று தாயை ஏசுகிறோம். "பாட்டி செல்லம்" என்கிறோம். மெலிந்த பிள்ளைக்கு நாடே பொறுப்பு, பருத்த பிள்ளைக்குத் தாய் மட்டுமே பொறுப்பு என்பது நியாயந்தானா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் உடற்பருமன் உடையவர்கள் 1990இல் ஏறத்தாழ 4 லட்சம் பேர். 2022இல் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். இது 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த மதிப்பீடு.

பரம்பரைதான் காரணம் என்பார் சிலர். பசியை அடக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் 1994இல் கண்டறியப்பட்டது முதல், பருமனில் மரபணுக்களின் பங்கு தெளிவாகி வருவது உண்மையே. ஒரே உணவைத் தின்னும் இருவரில் ஒருவர் மட்டும் பருப்பது ஏன் என்பதற்கு மரபணு விடை கூறும். ஆனால் 32 ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. தாய்மாரும் திடீரென்று பொறுப்பற்றவர்களாகிவிடவில்லை. மாறியது சுற்றுப்புறம்.

ஒரு குளிர்பானப் புட்டியை எடுத்துக்கொள்வோம். 300 மில்லி லிட்டர் கோலா பானத்தில் சுமார் 32 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்கு 1,700 கலோரி தேவைப்படும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, இவ்வகைச் சர்க்கரை 42 கிராமைத் தாண்டக்கூடாது, 21 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி வரும் கணக்கு. ஆக, ஒரே புட்டியில் 21 கிராம் எல்லை கடந்துவிடுகிறது. இதைப் புட்டியின் முகப்பைப் பார்த்து எந்தத் தாய் அறிவாள்? பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டால் போதுமா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறமுடியாது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக்கூடாதென 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. நோக்கம் நல்லதே. ஆனால் 50 மீட்டர் என்பது ஒரு சிறுவனுக்கு எண்பது தப்படி! திருவரங்கத்தை நினைத்துப் பாருங்கள். கோயிலின் வெளிச்சுற்றுகளிலேயே ஊர் அமைந்திருக்கிறது. வீடும் கடையும் அடுத்தடுத்து நிற்கின்றன. எண்பத்தோராவது தப்படியில் சரஞ்சரமாகப் பொட்டலங்கள் தொங்கும். கைப்பேசியில் வரும் விளம்பரத்துக்கோ எந்த மீட்டரும் இல்லை. மாலையில் ஓடியாடலாமென்றால், சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வண்டிகள் வழிவிடுவதில்லை.

வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட், பிஸ்கட் மீதான சரக்கு-சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. குளிர்பானத்துக்கு 40 விழுக்காடு. ஆனால் சர்க்கரை மிகுந்ததற்கும் சர்க்கரையே இல்லாததற்கும் அதே வரி! சர்க்கரையைக் குறைத்தாலும் வரியில் சலுகை இல்லையென்றால் ஆலை ஏன் குறைக்கவேண்டும்?

பிரிட்டன் 2018 ஏப்ரலில் வேறு வழியை மேற்கொண்டது. 100 மில்லி லிட்டரில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் ஒரு வரி, 8 கிராமை எட்டினால் கூடுதல் வரி. அந்த நாள் வருமுன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. அங்கே எந்தத் தாய்க்கும் யாரும் புத்தி சொல்லவேண்டியிருக்கவில்லை. புட்டிக்குள் இருந்ததே மாறிற்று. சிலி நாடு 2016 முதல் இத்தகைய பண்டங்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. சிறுவரை மயக்கும் கேலிச்சித்திரங்களை அவற்றில் தடை செய்தது. மாற்றும் வல்லமை யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே பொறுப்பைச் சேர்ப்பதுதான் இவற்றின் சாரம்.

அப்படியானால் வீட்டுக்குக் கடமையே இல்லையா? உண்டு. 'கொழுகொழு' குழந்தையே நலமான குழந்தை என்ற எண்ணத்தை முதலில் விடவேண்டும். புனே நகர மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. ஆயினும் நம் குழந்தைகளின் உடலில் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. அதனால் இளம் வயதிலேயே நீரிழிவு வரும் ஆபத்து நமக்கு அதிகம். தண்ணீர், வீட்டுச் சிற்றுண்டி, நல்ல உறக்கம், ஒரு மணி நேர விளையாட்டு இவற்றுக்கு வீடுதான் வழிசெய்யவேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். பண்டத்தைச் செய்பவர், அதற்கு விதி வகுக்கும் அரசு, விளையாட இடம் தரவேண்டிய நகராட்சி, பள்ளி, வீடு. பிள்ளையோ இந்த வரிசையிலேயே இல்லை. ஆயினும் வகுப்பறையில் "குண்டா" என்ற பட்டத்தைச் சுமப்பவன் அவன்தான்! பாப்பாக்குறிச்சியில் அன்று பசித்த பிள்ளையைக் குறை கூறாமல் இலை போட்டோம். அந்த நியாயத்தை இந்தப் பிள்ளைக்கும் வழங்கவேண்டாமா?