அல்ஜஃபரிய்யா: மீட்கப்பட்டது எது?

ஸ்பெயினின் இஸ்லாமியக் கட்டடக்கலை என்றதும் அல்ஹம்ராவும் குர்துபாப் பள்ளிவாசலுமே நம் நினைவுக்கு வருகின்றன. தத்துவஞானி இப்னு பாஜ்ஜாவின் நகரான ஸரகுஸ்தாவில், பனூ ஹூத் மன்னர் அபூ ஜஅஃபர் அல்முக்ததிர் 11ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அல்ஜஃபரிய்யா கோட்டை அரண்மனையை அறிந்தோர் சிலரே.

1118இல் நகரம் அரகோன் மன்னர் முதலாம் அல்ஃபோன்ஸோவிடம் வீழ்ந்தது. கோட்டை கிறிஸ்தவ மன்னர்களின் மாளிகையாகவும், மதவிசாரணை மன்றத்தின் சிறையாகவும், பின்னர்ப் படைமுகாமாகவும் மாறியது. சுதை வேலைப்பாடுடைய வளைவுகள் சில பெயர்க்கப்பட்டு அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன.

1947இல் கட்டடக்கலைஞர் ஃப்ரான்ஸிஸ்கோ இஞ்ஞிகெஸ் தொடங்கிய புனரமைப்பு, பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி, எண்கோணத் தொழுகையறையையும் அதன் மிஹ்ராபையும் மீண்டும் பொலிவுறச் செய்தது. முப்பதாண்டுகளுக்கும் மேலாக நீடித்த அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் இன்று முற்றத்தில் காணும் வளைவுகளுட் சில, மூலத்தைப் பார்த்து வார்த்த பிரதிகளே. இதனை அறியாது வியப்போர், 20ஆம் நூற்றாண்டுக் கைவண்ணத்தை முக்ததிரின் காலத்துக்கு ஏற்றிவிடுகின்றனர்.

அதே கோட்டையின் பழங்கோபுரச் சுவர்களில், சிறைப்பட்டோர் கீறிய கிறுக்கல்கள் இன்றும் எஞ்சியுள்ளன. மிஹ்ராபின் எழிலில் பெருமிதம் கொள்ளும் நாம் அவற்றையும் வாசித்தாக வேண்டும். ஒரு காலத்தை மீட்பதற்கென ஏனைய காலங்களைத் துடைத்தெறியும் புனரமைப்பு, அக்காலம் நமக்கு உவப்பானதாயினும், வரலாற்றுக்குச் செய்யும் அநீதியே.