வாழிடம், காந்தம், வெப்பம்: மூன்று அறிவியல் சிப்பங்களின் தமிழைப் பற்றி ஒரு பார்வை



சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியத் தோழி ஒருவர் மூன்று அறிவியல் சிப்பங்களைப் புலனத்தில் அனுப்பினார். ஒன்று வாழிடம், ஒன்று காந்தம், ஒன்று வெப்பம். "டீச்சர், மொழியை மட்டும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க. அறிவியல் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். நானும் சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். வலிமிகும் இடங்கள், ஒருமை பன்மை, லகர ளகர வேறுபாடு என்று திருத்தி அன்றிரவே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அதே சிப்பத்தை அக்கா மகனிடம் கொடுத்தேன். பத்து வயது. கோடிட்ட இடங்களை எல்லாம் நிரப்பிவிட்டான். எல்லாமே சரி. சும்மா பேச்சுக்கு, "ஏன்டா ஒட்டகம் பாலைவனத்துல வாழுது?" என்று கேட்டேன். "ஏன்னா அதோட வாழிடம் பாலைவனம்" என்றான்.

இந்தப் பதிலில் சொற்பிழை இல்லை. 'ஏன்னா' என்று காரணச் சொல்கூட இருக்கிறது. காரணம்தான் இல்லை. கேள்வியையே திருப்பிச் சொல்லியிருக்கிறான். ஆனால் அவனை எப்படிக் குறை சொல்வது? சிப்பம் அவனுக்குக் கொடுத்த வாக்கியம் அது ஒன்றுதான். நான் திருத்தாமல் விட்ட பெரிய பிழை அங்கேதான் இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று சிப்பங்களிலும் படங்கள் தெளிவு. கலைச்சொற்கள் சீராக இருக்கின்றன. இவற்றை ஆசிரியர்கள் தங்கள் சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் செய்கிறார்கள். அதை மறந்துவிட்டுக் குறை பேசுவது நியாயமில்லை. என் குறை சொற்களைப் பற்றியது அல்ல, வாக்கியங்களைப் பற்றியது.

1. வாழிடம்

இந்தச் சிப்பம் முழுக்க இணைத்தல் பயிற்சி. இடப்பக்கம் விலங்கு, வலப்பக்கம் இடம். ஒட்டகம் – பாலைவனம். மீன் – நீர். குரங்கு – காடு. இதைப் படிக்கும் பிள்ளைக்கு வாழிடம் என்பது விலங்கின் முகவரி மாதிரித் தோன்றும். ஆனால் வாழிடம் என்பது ஓர் உறவு. அந்த இடம் விலங்குக்கு உணவு, நீர், பாதுகாப்பு, குஞ்சு பொரிக்க இடம் தருகிறது. விலங்கின் உடலும் பழக்கமும் அந்த இடத்துக்குப் பொருந்தி இருக்கின்றன.

நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் எலிகள் பழக்குலைகளைத் தின்று நாசம் செய்யும். அவற்றைப் பிடிக்கக் கூகைகளை வளர்க்கிறார்கள். உணவு நிறையக் கிடைத்தாலும் கூகை தானாக அங்கே பெருகிவிடாது. அது குச்சி பொறுக்கிக் கூடு கட்டும் பறவை அல்ல. மரப்பொந்து போன்ற மறைவான இடம் தேடும். வரிசை வரிசையாக நட்ட செம்பனையில் அப்படிப்பட்ட பொந்துகள் அரிது. ஆகவேதான் தோட்டத்தில் கம்பம் நட்டு, மேலே பெட்டி வைக்கிறார்கள். கூகை அதில் முட்டையிடும். எலி குறையும்.

இந்த ஒரு பத்தியில் 'ஆகவேதான்' வந்துவிட்டது, 'கிடைத்தாலும்' வந்துவிட்டது, 'ஏன் பெட்டி?' என்ற கேள்விக்குப் பதிலும் வந்துவிட்டது. 'கூகை – செம்பனைத் தோட்டம்' என்று கோடு போட்டு இணைத்தால் இதில் எதுவும் வராது. தாத்தா பாட்டி தோட்டத்தில் வேலை செய்த பிள்ளைகள் நம் வகுப்பில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டால் ஒரு கதையோடு வருவார்கள்.

இங்கே என் முதுகிலும் ஓர் அடி போட்டுக்கொள்ள வேண்டும். இடைநிலைப்பள்ளி இலக்கிய வகுப்பில் நான் திணையை எப்படி நடத்தினேன்? குறிஞ்சி – மலை – புலி, நெய்தல் – கடல் – சுறா என்று அட்டவணை போட்டு, மனப்பாடம் செய்யச் சொன்னேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்குள்ள உயிர்களும் மரம் செடிகளும் மக்களின் தொழிலும் கருப்பொருள். அதிலிருந்து மனித வாழ்வின் ஒழுக்கம் உரிப்பொருள். ஒன்றோடொன்று பிணைந்த ஒரு முறையை நானும் இணைத்தல் பயிற்சியாக்கிவிட்டேன். தொடக்கப்பள்ளியில் தொடங்குகிற பழக்கத்தை நாம் ஐந்தாம் படிவம் வரைக்கும் கொண்டுபோகிறோம்.

2. காந்தம்

இந்தச் சிப்பத்தில் எனக்குப் பிடித்த சொல் 'ஈர்க்கும்'. பிள்ளைகள் பேச்சில் 'ஒட்டுது' என்பார்கள். பசையும்தான் ஒட்டுகிறது, சேறும்தான் ஒட்டுகிறது. அவை தொட்டால்தான் ஒட்டும். காந்தமோ தொடாமலே இழுக்கும். நடுவில் ஒரு தாளைப் பிடித்தாலும் குண்டூசியை இழுக்கும். 'ஒட்டுது' சொல்லாத ஒன்றை 'ஈர்க்கும்' சொல்கிறது. ஏட்டுத்தமிழ் எப்போதும் பிள்ளைக்குச் சுமை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சொல்லைப் பார்க்கலாம். ஆனால் இந்த வேறுபாட்டைச் சிப்பம் எங்கேயும் செய்து காட்டவில்லை. 'ஈர்க்கும் / ஈர்க்காது' என்று இரண்டு பெட்டிகள் போட்டதோடு சரி.

அதைவிடப் பெரிய சிக்கல், 'காந்தம் உலோகப் பொருள்களை ஈர்க்கும்' என்ற வாக்கியம். "அறிவியல் எல்லாம் சரி" என்று தோழி சொன்னதால் முதல் நாள் நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அது தவறு. சாதாரணக் காந்தம் இரும்பையும் நிக்கல், கோபால்ட் போன்ற சில உலோகங்களையும்தான் நன்கு ஈர்க்கும். முறுக்கு போட்டு வைக்கும் பிஸ்கட் டின் தகரம், உள்ளே இரும்பு, ஈர்க்கும். பூஜை அறைக் குத்துவிளக்கு பித்தளை, ஈர்க்காது. அலுமினியச் சட்டியும் ஈர்க்காது. மூன்றுமே உலோகம்தான்.

எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவரச் சொன்னால் வகுப்பே கலகலப்பாகிவிடும். ஒருவன் டம்ளரில் காந்தம் நிற்கும், இன்னொருத்தி டம்ளரில் வழுக்கிக்கொண்டு விழும். எவர்சில்வரில் அதிகம் இருப்பது இரும்புதான். ஆனால் சில வகைகளில் நிக்கலும் குரோமியமும் சேர்ந்து, அணுக்கள் அடுக்கியிருக்கும் முறை மாறிவிடுகிறது. அதனால் அந்த வகையைக் காந்தம் ஈர்ப்பது தெரிவதில்லை. இந்த விளக்கம் சிறு பிள்ளைக்கு வேண்டாம். 'இரும்பு இருந்தும் ஏன் ஈர்க்கவில்லை?' என்ற கேள்வி போதும். பாடத்திட்டம் 'உற்றறிதல்', 'ஊகித்தல்', 'முன் அனுமானித்தல்' என்று அழகான சொற்களை வைத்திருக்கிறது. அந்த டம்ளரில் மூன்றுமே இருக்கின்றன.

இன்னொன்று. இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று ஈர்த்தால் இரண்டுமே காந்தம் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஒன்று காந்தமாகவும் மற்றது வெறும் இரும்பாகவும் இருக்கலாம். ஒன்றையொன்று விலக்கினால் மட்டுமே இரண்டும் காந்தம் என்று உறுதியாகச் சொல்லலாம். 'ஒத்த துருவங்கள் விலக்கும்' என்ற வரி சிப்பத்தில் இருக்கிறது. அந்த வரியால் என்ன பயன் என்பது இல்லை.

3. வெப்பம்

'வெப்பநிலை என்பது வெப்பத்தின் அளவு' என்கிறது சிப்பம். இந்த இடத்தில் மொழிப்பிழைதான் அறிவியல் பிழையாக மாறியிருக்கிறது. தமிழில் 'அளவு' என்றால் எவ்வளவு இருக்கிறது என்றும் பொருள்படும், எந்தப் படியில் நிற்கிறது என்றும் பொருள்படும். ஒரு குவளை கொதிநீரும் ஒரு வாளி கொதிநீரும் 100 பாகை செல்சியஸில்தான் நிற்கின்றன. வெப்பநிலை ஒன்றே. ஆனால் வாளி நீரை அந்த நிலைக்குக் கொண்டுவர அடுப்பு அதிக நேரம் எரிந்தாக வேண்டும். அதற்குச் சென்ற வெப்பம் அதிகம். 'நிலை' என்ற சொல் வெப்பநிலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு 'அளவு' என்று விளக்கம் சொல்லிப் பிள்ளையைக் குழப்புகிறோம்.

அடுத்து, பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழைச் சிப்பம் தொடவே இல்லை. நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? தண்ணி சூடேறுது, காப்பி ஆறுது, சட்டி காயுது, பாலைக் காய்ச்சு, பிள்ளைக்குக் காய்ச்சல். வெப்பம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இத்தனை வினைச்சொற்கள் நம்மிடம் உண்டு. ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றுவதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. உயர்த்தி ஊற்றும்போது தேநீர் நீண்டு விரிந்து காற்றைத் தொடுகிறது; கொஞ்சம் ஆவியாகவும் போகிறது; அதனால் சீக்கிரம் ஆறுகிறது. இதை ஒரு பிள்ளை தன் தமிழில் சொல்லிவிட்டால், 'வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும்' என்ற வாக்கியம் அவனுக்கு அந்நியமாக இருக்காது.

அக்கா மகனிடம் ஓர் எவர்சில்வர் கரண்டியையும் ஒரு மரக்கரண்டியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "இரும்புக் கரண்டிதான் சில்லுனு இருக்கு. அதுலேர்ந்து குளிர் கைக்கு வருது" என்றான். இரண்டும் ஒரே அடுக்களையில் இரவெல்லாம் கிடந்தவை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். உலோகம் கையிலிருக்கும் வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்கிறது, மரம் மெதுவாக. அதனால்தான் உலோகம் சில்லென்று படுகிறது. அவன் பதில் தவறு. ஆனாலும் ஒட்டகத்தைப் பற்றிச் சொன்ன பதிலைவிட இது எனக்குப் பிடித்தது. இதில் எங்கிருந்தோ எங்கோ ஒன்று போகிறது. வினைச்சொல் இருக்கிறது. தவறாக யோசித்தவனைத் திருத்த முடியும். யோசிக்காமல் சரியாக எழுதியவனை எங்கே பிடித்துத் திருத்துவது?

இது ஏன் முக்கியம்?

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் அறிவியலைத் தமிழில் படித்தவள். 2003-இல் முதலாம் படிவத்தில் நுழைந்தேன். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடத்தப்படத் தொடங்கிய முதல் ஆண்டு அது. வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் ஆங்கிலச் சொற்கள் வந்தபோது எல்லாமே புதுப்பாடமாகத் தெரிந்தது. சொல் மாறியதால் என்று பல காலம் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. பொருள் மனத்தில் இருந்திருந்தால் புதுச்சொல்லை அதன்மேல் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். என்னிடம் இருந்தது சொல் மட்டும். சொல் போனதும் எல்லாம் போயிற்று.

இன்றைய பிள்ளைகளுக்கும் முதலாம் படிவத்தில் 'ஹாபா', 'சூஹு' என்று சொற்கள் மாறத்தான் போகின்றன. இருமொழிப் பாடத்திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை. தமிழில் அறிவியல் படிப்பதால் பிள்ளைக்கு என்ன நன்மை என்று பெற்றோர் கேட்கிறார்கள். தமிழில் யோசிக்கக் கற்றுக்கொள்கிறான் என்பதே நம் பதில். இணைத்தல் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆகவே தேர்வைக் காரணம் காட்டவும் முடியாது.

ஆசிரியர்களுக்கு

"பின்தங்கிய மாணவர்களுக்குப் பட்டியல்தான் கைகொடுக்கும்" என்று தோழி சொன்னார். உண்மை. பட்டியல் இருக்கட்டும். கூடவே மூன்று சிறிய மாற்றங்கள் செய்யலாம்.

அட்டவணையில் மூன்றாவது கட்டம் ஒன்று சேருங்கள்: 'ஏன்? இல்லாவிட்டால் என்ன ஆகும்?'

பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும். 'சூடு', 'ஆறுது' என்று சொன்னால் அப்போதே வெட்டாதீர்கள். எழுதும்போது ஏட்டுச்சொல்லைக் கொடுங்கள்.

ஒவ்வொரு பாடத்திலும் பட்டியலுக்கு அடங்காத ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள். எவர்சில்வர் டம்ளர் ஒன்று போதும்.

எஸ்.பி.எம். மாணவர்களுக்கு

இது சின்னப் பிள்ளைகளின் பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். 'இளையோரிடம் வாசிப்புப் பழக்கம் குறையக் காரணம் என்ன?' என்று கேட்டால், 'ஏனெனில் இளையோர் வாசிப்பில் ஆர்வம் காட்டுவதில்லை' என்று எழுதுகிறீர்கள். ஒட்டகத்தின் வாழிடம் பாலைவனம் என்பதும் இதுவும் ஒன்றே. 'ஏனெனில்' எழுதியதும் நிறுத்தி, அடுத்து வருவது கேள்வியில் இல்லாத புதுச்செய்தியா என்று பாருங்கள். 'வீட்டில் நூல்கள் இல்லாததால் பள்ளிப் பாடநூலைத் தவிர வேறெதையும் தொடாமலே பலர் வளர்கின்றனர்' என்றால் காரணம் வந்துவிட்டது. 'இல்லாததால்', 'இருந்தும்', 'அதைவிட', 'இல்லாவிட்டால்' ஆகிய நான்கும் காரணம் சொல்லப் பயன்படும் சொற்கள்தான். உங்கள் கட்டுரைக்கும் அவையே உதவும்.

சிப்பங்களை மறுபடியும் திருத்தி அனுப்பியிருக்கிறேன். "இப்படிப் போட்டா ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் கூடுமே, டீச்சர்" என்றார் தோழி. கூடட்டும். ஒட்டகத்துக்கு ஏன் திமில் என்று எழுத ஒரு பக்கம் இடம் கொடுக்கத்தான் வேண்டும்.