கூந்தலைப் பார்ப்பது யார்?

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் பெண்தான் நாயகி. அவள் அறிமுகமாகும் இடத்தில், இடையைத் தொடும் கருங்கூந்தல் காற்றில் அலைபாய்ந்தது என்று ஒரு வரி. அம்மா அதே தொழிற்பேட்டையில் பதினெட்டு வருஷம் தைத்தவர். முழுக்கதையையும் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏண்டா, இத்தன முடிய விரிச்சிப் போட்டுக்கினு வந்தா எந்தக் கம்பெனில உள்ள வுடுவாங்க?"

அங்கே தலையில் துணிக் குல்லா கட்டாயம். தைத்த சட்டைக்குள் ஒரு முடி கிடந்தாலும் செக்கிங்கில் பீஸ் திரும்பி வந்துவிடும். நான் ஆறாவது படிக்கும்போது அம்மா தன் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டாராம். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

தமிழில் மிகப் பிரபலமான இலக்கியச் சண்டையே ஒரு கூந்தல் வர்ணனையைப் பற்றியதுதான். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். தருமி கொண்டுவந்த பாட்டு உண்டு என்கிறது. நக்கீரர் பொருட்குற்றம் என்கிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் படித்தவர்களைவிட, 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்தான் நம்மில் அதிகம். (நக்கீரராக நடித்தவர் அந்தப் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான்.)

பொற்கிழி, நெற்றிக்கண் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு குறுந்தொகையின் 2ஆம் பாட்டை மட்டும் வாசித்துப் பாருங்கள். மன்னன், நக்கீரர் இருவருமே ஒரே தவறைத்தான் செய்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. பாட்டை உலகப் பொது உண்மையாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே பேசுவது ஒரு காதலன், அதுவும் ஒரு தும்பியிடம். உரைமரபின்படி கூச்சத்தோடு தலைவியும் பக்கத்திலேயே நிற்கிறாள். நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்று அவன் வண்டைக் கேட்பது அவள் காதில் விழத்தான். அவன் எவ்வளவு நெருங்கி நின்றிருக்கிறான் என்பதுதான் அந்த வர்ணனையில் நமக்குக் கிடைக்கும் தகவல். கூந்தலைப் பார்ப்பவன் யார், எங்கே நிற்கிறான் என்று கேட்காமல் நக்கீரர் தீர்ப்பு சொல்லிவிட்டார். என் கதையில் பார்த்தது யார்? யாருமே இல்லை. நான் படித்திருந்த பழைய கதைகள்தான் அவளைப் பார்த்தன.

வர்ணனை என்றாலே பழசு என்று ஒதுக்கவும் முடியாது. 'பொன்னியின் செல்வ'னில் நந்தினியையும் குந்தவையையும் ஒப்பிடும் கல்கி, ஒருத்திக்கு ஆண்டாள் கொண்டையும் இன்னொருத்திக்கு மணிமகுடம் போன்ற முடிப்பும் கொடுக்கிறார். நந்தினி ஆழ்வார்க்கடியான் வீட்டில் வளர்ந்தவள். ஆண்டாள் கொண்டை அவள் வளர்ந்த வீட்டைச் சொல்லிவிடுகிறது. மகுடமோ குந்தவைக்குப் பிறப்பிலேயே அமைந்தது. நந்தினி கதை நெடுக அதற்காகத்தான் காய் நகர்த்துகிறாள். அலங்காரமாகத் தோன்றும் இரண்டு வரிகளில் கதையின் பகையே இருக்கிறது.

இன்னும் பழைய ஆட்கள் இதைவிடக் கறார். சிலப்பதிகாரத்தில் விரித்த கூந்தலோடு கண்ணகி அவைக்குள் வருகிறாள். அவளைப் பார்த்ததுமே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது. பாரதியின் பாஞ்சாலி கூந்தலை முடியமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். அவிழ்ப்பதும் முடிப்பதும் அங்கே செயல்கள். நான் எழுதும் புரோகிராமில் ஒரு வேரியபிளை அறிவித்துவிட்டு எங்குமே பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் எச்சரிக்கும். கதைகளுக்கு அப்படி ஒன்று இல்லாததால் முதல் பக்கத்துக் கருங்கூந்தல் கடைசிப் பக்கம்வரை சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

சொல்லுக்கும் பஞ்சமில்லை. கொண்டை, கோடாலி முடிச்சு, சவுரி, குதிரைவால், ரிப்பன் வைத்த இரட்டைச் சடை. காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நின்று, திருவள்ளூர் பக்கமிருந்து வரும் மின்ரயிலிலிருந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். ஈரம் சொட்ட நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டிருந்தால் குளித்து அரைமணிகூட ஆகவில்லை என்று அர்த்தம். பிசிறில்லாமல் வாரிப் பின்னி கனகாம்பரம் வைத்திருந்தால் அநேகமாக வீட்டில் பின்னிவிட ஒரு கை இருக்கிறது. ஒரு கிளிப்பில் மொத்தத்தையும் அடக்கியவள் ஓடியபடியே ரயிலைப் பிடித்திருப்பாள். ஒவ்வொரு தலையிலும் அன்றைய காலை நேரம் எழுதியிருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் நான் காற்றைக் கூப்பிட்டேன்.

கதையைத் திருத்தினேன். காற்று போனது; இடை போனது. காலை ஐந்தே முக்காலுக்கு ஈரத்தலையை அப்படியே அள்ளி முடிந்துகொண்டு அவள் அரிசி களைந்தாள் என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"ஐந்தே முக்காலா? அஞ்சே முக்காலுக்கு உனக்கு டிபன் பாக்ஸே கட்டி முடிச்சிருப்பேன்டா. நாலரைன்னு போடு."