ஞாபக மாத்திரைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஆலம்பொழிலில் தங்கியிருந்த சுந்தரரின் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று இறைவன் கேட்டதாகச் சொல்லப்படும் ஊர் திருமழபாடி. இன்று அங்கே மறதியை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்களும், குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களும். பொங்கல் முடிந்ததுமே மருந்துக் கடையில் ‘ஞாபக சக்தி மாத்திரை’ கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காக மூன்று வகைகளை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் வல்லாரை மாத்திரை. சாப்பிட்ட நாட்களில் மனம் கொஞ்சம் அமைதியாக இருந்தது. படித்தது நினைவில் நின்றதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: விழிப்புணர்வும் மனநிலையும் மேம்படலாம், நினைவாற்றல் கூடியதற்குப் போதிய சான்று இல்லை. ஈரமான வரப்பில் தானாக முளைக்கிற கீரை இது. நம் வீடுகளில் செய்வதுபோலத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள்; மாத்திரையாக வாங்க வேண்டாம்.

அடுத்தது நீர்ப்பிரமி. இதற்குத்தான் நேரம் அதிகம் கொடுத்தேன், தகுதியும் இதற்குத்தான் இருக்கிறது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் செடியின் பாக்கோசைடு என்னும் சத்துகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 1990களில் விஸ்வநாதன் ஆனந்த் விளம்பரத்தில் வந்த ‘மெமரி பிளஸ்’ அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான். ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுக்கப்படுவது நாளுக்கு 300 மில்லிகிராம் சாறு, 12 வாரம். 2002இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், கற்கும் வேகம் கூடவில்லை. புதிதாகக் கற்றதை மறப்பதுதான் குறைந்தது.

என் வயிறு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டலும் அடிக்கடி கழிப்பறைக்குப் போவதும் இதன் தெரிந்த பக்கவிளைவுகள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறைகிறது. முதல் மாதத்தில் பலன் எதுவும் இல்லை. மூன்றாம் மாதத்தில், இரவு படித்த சட்டத்திருத்த எண்களும் ஆண்டுகளும் காலையில் கூடுதலாக நினைவில் நின்றன. ஆனால் அந்தப் பாடத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டும் இருந்தேன், ஆகவே பெருமை முழுவதையும் மாத்திரைக்குக் கொடுக்க முடியாது. மார்ச் தேர்வுக்குப் பிப்ரவரியில் வாங்கினால் காசு வீண்.

லேபிளைக் கட்டாயம் பாருங்கள். ‘பிராமி’ என்ற பெயரில் வல்லாரையையும் விற்கிறார்கள். பக்கோபா மொன்னியேரி என்ற தாவரப் பெயர் இருக்க வேண்டும். சாறு எத்தனை மில்லிகிராம் என்பதோடு பாக்கோசைடு எத்தனை சதவீதம் என்றும் போட்டிருக்க வேண்டும். போடாத டப்பாவை அங்கேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கஃபீனும் தேயிலையிலுள்ள தியானைனும் சேர்ந்த காப்ஸ்யூல். மூன்றில் உடனே தெரிவது இது ஒன்றுதான்: ஒரு மணி நேரத்துக்குள் தூக்கம் போய் கவனம் வந்துவிடுகிறது, வெறும் காபியில் வரும் படபடப்பும் குறைவு. ஆனால் கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் இரண்டு மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். படித்தது மனத்தில் பதிவதே தூக்கத்தில்தான், அதைக் கெடுத்துக்கொண்டு என்ன பயன்? காலையில் ஒரு டம்ளர் காபி போதும்.

பெரியவர்களுக்கு ஜிங்கோ வாங்கித் தருகிறவர்களுக்கு ஒரு தகவல்: 3,069 முதியவர்களிடம் நடந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது மறதி நோயைத் தடுக்கவில்லை. ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. தேர்வுக்காக மாணவர்கள் நாடும் மொடாஃபினில் தூக்கநோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து. அதை நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் மாத்திரை கடையில் வாங்க வேண்டியதே அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட பெண்ணுக்குப் படிப்பில் மனம் நிற்காதது சோம்பல் அல்ல. அவளுக்கு நீர்ப்பிரமியைவிட இரும்புச்சத்து பலமடங்கு உதவும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பிள்ளைகள் வீசிவிடக் கூடாது, அது இயல்புதான். சாப்பிட்ட பிறகு தண்ணீரில் விழுங்கட்டும். டீ மட்டும் ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம், இரும்பை அது உடலில் சேரவிடாது.