முப்பது சதவீதத்துக்கு யார் பணம் கட்டுவது?

டீசல் காருக்கு ரீமேப் செய்பவர்கள் ஒரே மூச்சில் மூன்று வாக்குறுதி தருவார்கள். சக்தி இருபத்தைந்து முப்பது சதவீதம் ஏறும், மைலேஜும் ஏறும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. முதலாவது பெரும்பாலும் உண்மை. இரண்டாவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூன்றாவதை நம்புவதற்கு எனக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

டீசல் எஞ்சினின் சக்தியைத் தீர்மானிப்பது, சிலிண்டருக்குள் எவ்வளவு டீசல் பீய்ச்சப்படுகிறது என்பதுதான். அந்த அளவை ஈசியூ என்கிற கணினி, தன்னுள் எழுதி வைத்திருக்கும் அட்டவணைகளைப் பார்த்து முடிவு செய்கிறது. ஆக்ஸிலரேட்டரை இவ்வளவு மிதித்தால் இவ்வளவு இழுவிசை. இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசல், மிஞ்சினால் கரும்புகை. டர்போவின் அழுத்தம் இந்த எல்லையைத் தாண்டக் கூடாது. ரீமேப் என்பது இந்த எண்களை மாற்றி எழுதுவது. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. அதன் கவர்ச்சியே அதுதான்.

“கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறான்” என்பது ரீமேப் ஆதரவாளர்களின் முதல் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. போலோவின் 1.5 லிட்டர் டீசல் 90 குதிரைத்திறனோடு விற்ற காலத்தில், அதே கொள்ளளவு எஞ்சின் போலோ ஜிடியில் 105 காட்டியது. 2013இல் 90 குதிரைத்திறனோடு வந்த ஈகோஸ்போர்ட் டீசல், 2015இல் 100 ஆனது. ஆனால் அந்த மாற்றத்தில் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். இழுவிசை 204 நியூட்டன் மீட்டரிலிருந்து 205 மட்டுமே ஆனது. கிளட்சையும் கியர்பாக்ஸையும் முறுக்குவது இந்த இழுவிசைதான். கம்பெனி அதைத் தொடவில்லை. ரீமேப் செய்பவர் முதலில் கை வைப்பதோ அதில்தான்.

ஸ்விஃப்ட் கதை வேறு. “எர்டிகாவில் இதே 1.3 எஞ்சின் 90 கொடுக்கிறது, என் ஸ்விஃப்டில் ஏன் 75?” என்று கேட்காத ஸ்விஃப்ட் டீசல்காரர் குறைவு. அந்த எர்டிகா டீசலில் இருந்தது இறக்கைகளின் கோணம் மாறும் டர்போ. ஸ்விஃப்ட் டீசலில் இருந்தது கோணம் மாறாத டர்போ. மென்பொருளால் இரும்பை மாற்ற முடியாது. கோணம் மாறாத டர்போ, போதுமான புகைக்காற்று வந்தால்தான் சுழலும். ஸ்விஃப்ட் ஓட்டியவர்கள் சபிக்கும் அந்த 2000 ஆர்பிஎம்முக்குக் கீழான மந்தத்தை எந்த ரீமேப்பும் பெரிதாகத் தீர்ப்பதில்லை. அது தருவதெல்லாம் டர்போ விழித்த பிறகுதான்.

நசரத்பேட்டையில் காரை நிறுத்திப் பார்த்தால் இதன் பொருள் புரியும். பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம். தண்ணீர் லாரி, கன்டெய்னர், கம்பெனி பஸ், நடுவில் நம் கார். இரண்டாம் கியரில் 1200 ஆர்பிஎம்மில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்வதுதான் இங்கே ஓட்டம். ரீமேப் மிகக் குறைவாகத் தருவது சரியாக இந்த இடத்தில்தான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டிச் சாலை விரியும்போது நாலாம் கியரில் லாரியை முந்தினால் வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. ஐந்து பேரோடு ஏலகிரி ஏறினாலும் தெரியும். ஆனால் தினமும் பூந்தமல்லிக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் போய்வருகிறவர் அதை மாதத்தில் எத்தனை நிமிடம் அனுபவிப்பார்?

மைலேஜ் விஷயத்தில்தான் சூட்சுமம். எரிபொருள் சிக்கனத்துக்கு அரசு விதி இருக்கிறது, வாங்குபவரின் முதல் கேள்வியும் அதுதான். சும்மா கிடைக்கிற மைலேஜை எந்தக் கம்பெனியும் விட்டு வைக்காது. அப்படியானால் ரீமேப்காரர் எங்கிருந்து எடுக்கிறார்? டீசலைச் சற்று முன்கூட்டியே பீய்ச்சினால் எரிதல் சூடாகவும் சிக்கனமாகவும் நடக்கும். கூடவே நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும். கம்பெனி அந்த வாயுவைக் குறைக்கவே சிறிது மைலேஜைப் பலி கொடுத்திருந்தது. ரீமேப் அந்தக் கணக்கைத் திருப்பி எழுதுகிறது. உங்கள் பையில் மிச்சமாகிற ரூபாயைச் சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்பவரின் நுரையீரல் கட்டுகிறது.

“புகைச் சான்றிதழ் எடுத்தேன், பாஸ்” என்பார்கள். டீசல் காருக்கான அந்தச் சோதனை, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்து, புகையின் அடர்த்தியை மட்டும் அளக்கிறது. பாரம் இழுக்கும்போது வருவதை அது பார்ப்பதில்லை. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. பாஸானது எதையும் நிரூபிக்காது. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்ட மோசடியும் இந்த வாயுவைப் பற்றியதுதான்: சோதனையில் ஒரு முகம், சாலையில் இன்னொரு முகம், எல்லாம் ஈசியூ மென்பொருளுக்குள். அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திருப்பி அழைத்து மென்பொருளை மாற்றுவதாக அந்தக் குழுமம் அறிவித்தது. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி செய்தால் குற்றம், பட்டறையில் செய்தால் ‘ஸ்டேஜ் 1’ என்று சொல்ல நமக்கு நியாயம் இல்லை.

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. முதலில் வழுக்குவது கிளட்ச். பிறகு டர்போ, வரையறையை மீறிய வேகத்தில் சுழன்று. ஈசியூவைத் தொடாமல் இடையில் செருகும் ட்யூனிங் பாக்ஸ் இன்னும் மோசம்: டீசல் குழாயின் அழுத்தம் குறைவாக இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லி அதை ஏற்றுகிறது. பாதுகாப்புக்காக இருக்கும் கணினியே குருடாகிவிடுகிறது.

சட்டத்திலும் சந்தேகத்துக்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தந்த தீர்ப்பும், தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை ஏற்கவில்லை. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. வாரண்டியும் போகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விக்கும் பதில் இருக்காது.

பழைய பிஎஸ்-4 மாசு விதிக்காலக் கார், இழுவிசை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை, புகைக்காற்றில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆரைத் தொடவில்லை, சக்தியை அளக்கும் ஒரே டைனோவில் ஒரே நாளில் முன்னும் பின்னும் அளந்து காட்டினார்கள் என்றால், பொறியியலாக அதை ஏற்கலாம். சட்டமாக அதுவும் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசலில் புகை வடிகட்டியை நீக்கி ரீமேப் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

மொத்தத்தில் என் தீர்ப்பு: வேண்டாம். ‘பிக்கப் போச்சு’ என்று ரீமேப்புக்கு வரும் பழைய டீசல்களில் பலவற்றின் நோய் வேறு: கரி அடைத்த இ.ஜி.ஆர், கிழிந்த டர்போ ஹோஸ், ஒழுகும் இன்ஜெக்டர், அடைந்த ஏர் ஃபில்டர். ஒதுக்கி வைத்த பணத்தில் முதலில் அவற்றைப் பாருங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், அடுத்த காரைப் பெரிய எஞ்சினோடு வாங்குங்கள்.